செவ்வாய்க்கிழமை நாற்பது

1. "இவ்ளோதானாம்மா?"

நான் காட்டிய முதல் டெமோவில் வாடிக்கையாளர் திரையை இரண்டு நொடி பார்த்தார். பிறகு என்னை மூன்று நொடி பார்த்தார். "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம், அவ்வளவுதான். ஒரே ஒரு திரை, அதில் ஒரு எண், ஒரு பட்டன். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று அந்த எண் சொல்லும். சமைத்து வண்டியில் ஏற்றியதும் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து நாங்கள் செய்தது அதைத்தான்.

அந்த வாடிக்கையாளர் கோதண்டம் சார். செகந்திராபாத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்திலேயே ராணுவக் கண்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். போவன்பள்ளி சந்தையில் விடிவதற்கு முன் காய்கறி எடுத்து, சந்தோஷ்நகரில் இருக்கும் தன் சமையற்கூடத்தில் சமைத்து, தொழிற்சாலை கேன்டீன்களுக்கு அனுப்புகிறவர். ஒரு தடவை ஒரு தொழிற்சாலையில் சாப்பாடு குறைந்துபோய் ஆட்கள் பசியோடு திரும்பினார்கள் என்பதற்காக அந்த கேன்டீன் அவர் கையை விட்டுப் போனது. மிச்சமிருந்ததில் பெரியது காஞ்சன்பாக் பக்கம் ஒரு தொழிற்சாலை. அதுவும் போனால் அடுப்படியில் இருக்கும் முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒருத்தர்கூடப் பசியோடு திரும்பக் கூடாது, அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்றுதான் செகந்திராபாத்தில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

"இதுக்கு முன்னால வந்தவங்க இவ்ளோ தடியா ஒரு புக்கு குடுத்தாங்க. அதுல ரசம் வரைக்கும் எல்லாம் எழுதியிருந்துச்சு. சாஃப்ட்வேர் மட்டும் கடைசி வரைக்கும் வரல" என்றார்.

"நாங்க புக்கு தரமாட்டோம் சார். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை வருவோம். செஞ்சதக் காட்டுவோம். நீங்க திட்டுங்க. அடுத்த ரெண்டு வாரத்துல மாத்திடறோம்."

"திட்டறதுக்கு நீங்களே நாள் குறிச்சுக் குடுக்கறீங்களா? ஹவ், நல்லாருக்கே!" என்று, ஆமாம் என்பதையும் ஹைதராபாத் உருதுவில் சொல்லி, மேசையைத் தட்டினார். "இன்னைக்கே ஆரம்பிக்கட்டுமா?"

ஆரம்பித்தார். பத்து வருஷமாக நிறுத்தவில்லை.

2. முழங்கை

தலைமைச் சமையல்காரர் முனிரத்னம். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அடுப்படிச் சுவரில் நாங்கள் ஒரு டேப், அதாவது தொடுதிரைப் பலகை, மாட்டிக் கொடுத்திருந்தோம். தொழிற்சாலை கேட்டில் விரல் வைத்து உள்ளே போனவர்களின் எண்ணிக்கை எங்கள் மென்பொருளுக்கு வரும். அதை வைத்து எத்தனை தட்டு என்று டேப்பில் காட்டும். ஏற்றியாச்சு என்றால் ஒரு பட்டன், வேண்டாம் என்றால் பக்கத்தில் இன்னொரு பட்டன். இரண்டும் பெருவிரல் அளவு. பார்க்க லட்சணமாக இருக்கும்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் முந்நூறு சப்பாத்தி ரத்தாகிவிட்டது. யார் ரத்து செய்தது என்று பார்க்க ஓடினோம். மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு வரை மாவு.

"கையில மாவு இருக்கு மேடம். கழுவிட்டு வந்து அமுக்கிட்டு மறுபடி மாவுல கை வைக்க எனக்கு எங்க நேரம்? முழங்கையால அமுக்கினேன். அது பக்கத்துல இருந்தத அமுக்கிடுச்சு."

பட்டனைப் பெரிதாக்கினோம். போதவில்லை. இன்னும் பெரிதாக்கினோம். எங்கள் டெவலப்பர் அருண், கோயம்புத்தூர்க்காரன், அழகுணர்ச்சி உள்ள பையன், தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏனுங்க்கா, பாதித் திரைக்கு ஒரு பச்சைப் பட்டனுங்களா? கண்ணால பாக்க முடியலைங்க்கா."

"கண்ணால பாக்க வேண்டாம். முழங்கையால பாரு" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அலுவலகத்தில் கோதுமை மாவு பிசைந்து, என் முழங்கையில் பூசிக்கொண்டு, அரை நாள் அந்தப் பட்டனை இடித்து இடித்துப் பார்த்தேன். எங்கள் டெஸ்ட் பட்டியலில் இன்றைக்கும் அந்த வரிகள் இருக்கின்றன: வலது முழங்கை, ஈர மாவு. இடது முழங்கை, எண்ணெய். பக்கத்து அலுவலகத்து ஆட்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் லிஃப்டில் என்னுடன் ஏறுவதைத் தவிர்த்தார்கள். எனக்குக் கவலையில்லை. "வேண்டாம்" பட்டன் திரையின் அந்தக் கோடிக்குப் போனது. சப்பாத்தி அதற்கப்புறம் ரத்தாகவே இல்லை.

3. வெங்காயம் ஒரு தடை

எங்கள் வேலை முறையில் தினமும் காலையில் எல்லோரும் நின்றுகொண்டே பத்து நிமிடம் பேசுவோம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், ஏதாவது தடை உண்டா. அதற்குப் பெயர் ஸ்டாண்டப். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் நிற்கிறோம்.

கோதண்டம் சார் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். மறு வாரம் போனால் அடுப்படியில் ஸ்டாண்டப் நடக்கிறது! முப்பது பேரும் வட்டமாக நிற்கிறார்கள். மாஸ்டர் கரண்டியோடு நடுவில்.

"நேத்து என்ன அரிஞ்ச?"

"கோஸ்."

"இன்னைக்கு?"

"வெங்காயம்."

"தடை?"

"அதான் மாஸ்டர் தடை. அழ வைக்குது."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் மாஸ்டர் சிரிக்கவில்லை. தடையை ஒரு அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். அடுத்த வாரம் வெங்காயம் நறுக்கும் இடம் ஜன்னல் பக்கம் மாறியது, மேலே ஒரு மின்விசிறி வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு தடையை எழுதினால் அது தீர்வதற்குள் எழுதினவர் வேறு வேலைக்கே போயிருப்பார். ரோஷமாகத்தான் இருந்தது.

அவர்கள் அட்டை ஒட்ட ஒட்ட எங்களுக்கும் வேலை வந்தது. ஒரு திரை மூன்றானது, மூன்று முப்பதானது. டெமோவுக்கு டெமோ ஏதாவது ஒன்று கூடும். சாம்பார் வாளிக்கு எண், வண்டிக்கு வழி. தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி எங்கள் மென்பொருள் அனுப்பும் பட்டியலைப் பார்த்துத்தான் பாத்திரத்தை உள்ளே விடுவார். பட்டியலில் இல்லாத பாத்திரம் வெளியே நிற்கும். இதெல்லாம் முதல் நாளே யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. கேட்டார்கள், அட்டையில் எழுதிக்கொண்டோம், செய்தோம், அவ்வளவுதான்.

4. நான் செய்த சுத்தம்

அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம். பத்து வருஷம் இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளே கோட், அதாவது மென்பொருளின் வரிகள், எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாடியில் போட்டு வைத்த பழைய சாமான் மாதிரி. எது எதற்கு என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்குச் சுத்தம் செய்யும் வெறி வந்தது. ஒரு ஸ்பிரிண்ட் முழுக்க, அதாவது இரண்டு வாரம், புதிதாக ஒன்றும் செய்யாமல் குப்பை அள்ளுவது என்று முடிவு செய்தேன். டெமோவில் சொன்னேன். "வெளிய ஒரு மாற்றமும் தெரியாது சார். உள்ள மட்டும் சுத்தம் பண்றோம்."

கோதண்டம் சாருக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம், எதற்கு என்பதெல்லாம் அவருக்கு உருதுவில்தான் வரும். "நக்கோம்மா. ஓடிட்டிருக்கறத கைக்குத் தொடறீங்க? இந்த மாசம் காஞ்சன்பாக் கேன்டீன் கான்ட்ராக்ட் ரினியூவல் வேற. ஒருத்தன் பசியோட போனாலும் எனக்குச் சங்கு ஊதிடுவாங்க."

"நான் இருக்கேன் சார்" என்றேன். என்ன திமிர்!

மூன்றாம் நாள் ஒரு வரி கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமையாக இருந்தால், காஞ்சன்பாக் கேன்டீனுக்குப் பத்து மணிக்கு, தயிர்சாதம் நாற்பது. ஏன் நாற்பது? ஏன் செவ்வாய்? ஏன் பத்து மணி? அந்த நேரத்தில் அங்கே சாப்பாட்டு வேளையே கிடையாது. கேட்டில் விரல் வைத்தவர்கள் கணக்கோடும் அதற்குச் சம்பந்தமில்லை. காரணம் ஒரு சொல்கூட எழுதவில்லை.

"எந்த அறிவாளி எழுதி வெச்சிருக்கான் பாரு" என்று அருணிடம் காட்டினேன். "இவனையெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே விட்டிருக்கக் கூடாது."

"கேட்டுட்டு எடுக்கலாமுங்க்கா" என்றான் அருண்.

யாரைக் கேட்பது, நான்தான் இங்கே மூத்தவள் என்று வரியை அழித்தேன். உடனே ஒரு டெஸ்ட் சிவப்பானது. டெஸ்ட் என்பது, எதை மாற்றினாலும் பழையது கெடவில்லை என்று தானே ஓடிப் பார்த்துச் சொல்வதற்காக நாம் எழுதி வைப்பது. பச்சை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிற்க வேண்டும். அந்த டெஸ்டின் பெயரே "செவ்வாய்க்கிழமை நாற்பது". அது கத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குப்பை வரிக்கு எழுதிய டெஸ்டும் குப்பைதானே என்று அதையும் அழித்துவிட்டேன். எல்லாம் பச்சை. வடை வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். இருபது வருஷ அனுபவம் இருப்பவர்களால் மட்டுமே செய்ய முடிகிற முட்டாள்தனம் இது. புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு தைரியம் வராது.

5. தயிர்சாதம்

திங்கள் சாயங்காலம் ரிலீஸ், அதாவது மாற்றிய கோட் அடுப்படிக்குப் போகும் நேரம். ரிலீஸுக்கு மறுநாள் காலை எல்லோரும் அடுப்படியில் போய் உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் அருணும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மாஸ்டர் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குப் பத்து மணிப் பட்டியல் திரையில் வந்தது. மாஸ்டர் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"மேடம், இன்னைக்குச் செவ்வாய்தானே? தயிர்சாதம் காணோமே."

"ஆமா மாஸ்டர், நான்தான் எடுத்தேன்" என்றேன் பெருமையாக. "யாரோ தெரியாம போட்டு வெச்சிருந்தாங்க. குப்பை."

"குப்பையா? நாற்பது பேர் மேடம்!"

இட்லியைத் தட்டில் வைத்துவிட்டேன். மாஸ்டர் சொன்னார். ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் எட்டு மணிக்கே வேலை முடிந்தது என்று விரல் வைத்துவிடுவார்கள். அதனால் கணக்கில் இருக்க மாட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் அவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு. அது முடியப் பத்து மணி. ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்களுக்குச் சூடாக ஒன்றும் இறங்காது, தயிர்சாதம் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் யார்கிட்ட சொன்னீங்க மாஸ்டர்?"

அருண் அதற்குள் கோட்டின் பழைய சரித்திரத்தைத் தோண்டியிருந்தான். யார், எப்போது, எதற்கு மாற்றினார்கள் என்று அதில் பதிவாகியிருக்கும். மடிக்கணினியை மெதுவாக என் பக்கம் திருப்பினான். எழுதியவர்: பத்மா. காரணம்: "மாஸ்டர் சொன்னார்."

பத்மா நான்தான். அருண் பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து கோதண்டம் சார் உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறைக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. பத்து வருஷமாகத் திட்டியவர் அன்றைக்குத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாஸ்டர், சோறு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்கு வடித்த சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. சூட்டில் தயிர் விட்டால் கெட்டுப்போகும். பெரிய தாம்பாளங்களில் கொட்டிப் பரப்பி, வெங்காயம் அரியும் இடத்து மின்விசிறியின் கீழ் வைத்தோம். மூன்று பேர் தட்டால் விசிறினார்கள். "பாலை ஊத்து, தயிர் கொஞ்சமாப் போடு, இல்லாட்டி போற வழியிலேயே புளிச்சிடும்" என்று மாஸ்டர் கூவினார். பிசைய ஆள் போதவில்லை. அருண் சட்டைக் கையை மடித்துவிட்டு அண்டாவுக்குள் இரண்டு கைகளையும் விட்டான். கடுகு வெடித்தது. இஞ்சி பறந்தது.

எனக்கு வேறு வேலை. அண்டா தயாரானால் மட்டும் போதாது. பட்டியலில் இல்லாத அண்டாவை கேட்டில் விடமாட்டார்கள். தயிர்சாதத்தையே நான்தானே மென்பொருளிலிருந்து துடைத்துவிட்டேன்! அரிசி மூட்டை மேல் மடிக்கணினியை வைத்து, அழித்த வரியைத் திருப்பி எடுத்தேன். அழித்த டெஸ்டையும் திருப்பி எடுத்தேன். டெஸ்டுகள் ஓட ஆரம்பித்தன. ஆறு நிமிடம் ஆகும். கிரைண்டர் சத்தத்தில் என் முதுகுக்குப் பின்னால் அடுப்படியே கூடிவிட்டது. ஒவ்வொரு வரியாகப் பச்சை வர வர, காய் நறுக்கும் பெண்கள் எண்ணினார்கள். கடைசிக்கு முந்தையது "செவ்வாய்க்கிழமை நாற்பது". அது பச்சையானபோது விழுந்த கைத்தட்டு மாதிரி எனக்கு என் அலுவலகத்தில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

டேப்பில் தயிர்சாதம் வந்தது. "யாராச்சும் அமுக்குங்க!" என்று மாஸ்டர் கத்தினார். எல்லோர் கையிலும் சோறு. அருண்தான் பக்கத்தில் இருந்தான். திரும்பினான், யோசிக்கவே இல்லை, முழங்கையால் ஓங்கி ஒரு இடி. பாதித் திரைப் பச்சைப் பட்டன், முதல் இடியிலேயே ஏற்றுக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாமுங்க்கா" என்றான்.

6. யார் கேட்டது?

வண்டியில் அண்டாவை நானும் கோதண்டம் சாரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பின்னால் அருண். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூன்று பேரும் ஒரே குரலில் டிரைவரைத் திட்டினோம். கேட்டில் செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், போ என்றார். பத்து மணி தாண்டி ஏழு நிமிடம்.

கேன்டீனில் நீள மேசையில் அவர்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் கோபமில்லை. அண்டாவைக் கண்டதும் ஒரு ஆரவாரம். நானே பரிமாறினேன். மல்காஜ்கிரியிலிருந்து வரும் செல்வி என்ற தமிழ்ப் பெண்ணிடம், பேச்சுக்கு, "இன்னைக்கு க்ளாஸ் எப்படி?" என்று கேட்டேன்.

"எந்த க்ளாஸ் மேடம்?"

"பாதுகாப்பு க்ளாஸ். அதுக்குத்தானே பத்து மணி வரைக்கும் இருக்கீங்க?"

செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். "அது நின்னு ரெண்டு வருஷமாச்சே! இப்பல்லாம் ஃபோன்லயே வீடியோ அனுப்பிடறாங்க. வீட்ல பாத்துக்கறோம்."

"அப்ப எதுக்கு இருக்கீங்க?"

"தயிர்சாதம் வருதே!" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. "ராத்திரி ஆளாளுக்கு ஒரு நேரத்துல பிரேக் மேடம். நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது வாரத்துல இந்த ஒரு வேளைதான். வேலைய விட்டுப் போறவங்களுக்கு வழியனுப்பறது, பொறந்த நாளு, எல்லாம் செவ்வாய்க்கிழமைதான் வெச்சுக்குவோம்."

நான் கோதண்டம் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "கம்பெனிதான் கேக்குதுன்னு நினைச்சேன்மா" என்றார் ரகசியமாக. ஆட்கள், கோதண்டம் சாரின் நல்ல மனசு என்று நினைத்திருந்தார்கள். மாஸ்டர், மெஷின் சொல்கிறது என்று செய்தார். இரண்டு வருஷமாக யாருமே கேட்கவில்லை. கேட்டது நான் எழுதி மறந்த ஒரே ஒரு வரி. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கோதண்டம் சாரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அப்புறம்தான் ரினியூவல் ஞாபகம் வந்து இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினோம். அதில் கையெழுத்துப் போட வேண்டிய கேன்டீன் அதிகாரிக்கு இது தெரிந்தால்? பழக்கதோஷத்தில் தட்டுகளை எண்ணினேன். முப்பத்தொன்பது தொழிலாளர்கள். நாற்பதாவது தட்டோடு வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் அந்த அதிகாரியேதான்! மீசையில் ஒரு பருக்கை. நாங்கள் அருகில் போனோம். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். இந்த ஷிஃப்டிலிருந்து யாரும் வேறு ஷிஃப்ட் கேட்டு வருவதில்லை, ஏன் என்று எனக்குத் தெரியும் என்று இந்தியில் சொன்னார். ரினியூவல் காகிதத்தில் இந்தச் செவ்வாய்க்கிழமையையும் முறைப்படி ஒரு வரியாகச் சேர்த்துக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

கோதண்டம் சார் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வரி எழுதும்போது அதற்கு ஒரு காரணம் இருக்கும். காலம் போகப்போக அந்தக் காரணம் செத்துப்போகும். ஆனால் வரி ஓடிக்கொண்டிருந்தால், அதை நம்பி வேறு எவரோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். அது எந்த அட்டையிலும் இருக்காது, எழுதினவளுக்கே தெரியாது. அழிக்கலாம், தப்பில்லை. அழிப்பதற்கு முன் நேரில் போய், யார் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டெஸ்ட் சிவப்பானால் டெஸ்டை அழிக்காதீர்கள். என் மானம் போனது போதும்.

கிளம்பும்போது செல்வி வண்டி வரைக்கும் ஓடி வந்தாள். "மேடம், சாஃப்ட்வேர் போடறது நீங்கதானாமே? இதோட ஊறுகாயும் போட முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அருண் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துவிட்டான். அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதினேன். எலுமிச்சை ஊறுகாய், செவ்வாய், நாற்பது. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. இந்தத் தடவை முழுசாக எழுதினேன்: "செல்வி ஓடி வந்து கேட்டாள்."